பெட்டிக்குள் டிராகுலா: பழைய திகில் பட ஃபிகர் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

டிராகுலா ஃபிகர் (படப் பாத்திரத்தின் சிறிய பொம்மை உருவம்) ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால், ஒன்றா வரும்? விரல் நீளத்தில் ஒன்று, முழங்கை நீளத்தில் ஒன்று. துணி அங்கி போட்டது, பிளாஸ்டிக்கிலேயே அங்கியை வார்த்தது. வண்ணத்தில் ஒன்று, முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஒன்று. பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், முகம்தான் வேறு வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டு, அப்புறம் அலமாரியைப் பார்த்தால் எதுவும் எதோடும் சேராமல் நிற்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, பாத்திரத்தின் பெயரை வைத்துத் தேடாமல் படத்தை வைத்துத் தேடுவது. எந்த ஆண்டு வந்த எந்தப் படத்தில், எந்தக் காட்சியில் அந்த உருவம் உங்களைப் பயமுறுத்தியது என்று தெரிந்தால், பாதி வேலை முடிந்தது. அளவு, நிறுவனம், விலை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலில் படம்

பழைய திகில் படம் என்றால் இந்தப் பொழுதுபோக்கில் பொதுவாக இரண்டு கூட்டம். ஒன்று, யூனிவர்சல் ஸ்டுடியோவின் கறுப்பு வெள்ளைக் காலம்: 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டும் 1931, 'தி மம்மி' 1932, 'தி இன்விசிபிள் மேன்' 1933, 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' 1935, 'தி உல்ஃப் மேன்' 1941, 'கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' 1954. இன்னொன்று, முகமூடிக் கொலைகாரர்களின் காலம்: 1974-இன் லெதர்ஃபேஸ் ('தி டெக்சாஸ் செயின் சா மசாக்கர்'), 1978-இன் மைக்கேல் மையர்ஸ் ('ஹாலோவீன்'), 1980-களின் ஜேசன் ('ஃப்ரைடே தி 13த்'), ஃப்ரெடி குரூகர் ('எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'), பின்ஹெட் ('ஹெல்ரைசர்'), சக்கி ('சைல்ட்ஸ் பிளே'). இரண்டையும் சேர்ப்பவர்கள் உண்டு. தொடங்கும்போது மட்டும் ஒரு கூட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

ஒரே பாத்திரம் படத்துக்குப் படம் எப்படி மாறும் என்பதைக் கவனிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி இருக்கிறது. போரிஸ் கார்லாஃப் மூன்று யூனிவர்சல் படங்களில் ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனாக வந்தார். 1931 படத்தில் தட்டைத் தலையில் முடி நெற்றிவரை படிந்திருக்கும், உடம்பில் கறுப்புக் கோட்டு. 1935 படத்தில் அதே அரக்கனுக்குத் தீயில் முடி கருகியிருக்கும், முகத்தில் தீக்காயத் தழும்பு தெரியும். 1939-இல் வந்த 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலோ மேலே ரோமச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பார். ஒப்பனைக்காரர் மூன்றுக்கும் ஜாக் பியர்ஸ்தான். ஆனாலும் மூன்று ஃபிகரும் வேறு வேறு. பெட்டியின் மேல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

'தி மம்மி' இன்னும் வேடிக்கை. கட்டுத்துணி சுற்றிய கார்லாஃப் அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியில் மட்டும்தான் வருவார். மீதிப் படம் முழுக்க நீண்ட அங்கியும் தலையில் ஃபெஸ் தொப்பியுமாக அர்தத் பே என்ற பெயரில் நடமாடுவார். அதனால் நல்ல ஃபிகர் பெட்டிகளில் கட்டுத்துணி உருவத்தோடு இந்த இரண்டாவது முகத்தையும் தேடுவார்கள்.

முகமூடிக் கூட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஜேசன் என்றாலே ஹாக்கி முகமூடிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1980-இல் வந்த முதல் 'ஃப்ரைடே தி 13த்' படத்தில் கொலைகாரி அவனுடைய அம்மா. 1981-இன் இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் ஒற்றைக் கண் ஓட்டை போட்ட சாக்குப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறான். ஹாக்கி முகமூடி 1982-இன் மூன்றாம் பாகத்தில்தான் கிடைக்கிறது. 1988-இன் ஏழாம் பாகத்தில் உடை கிழிந்து முதுகெலும்பே வெளியே தெரியும். 'பாகம் 2 ஜேசன்' என்று போட்ட பெட்டியில் ஹாக்கி முகமூடி இருந்தால் ஏதோ சரியில்லை என்று இனி உங்களுக்குத் தெரியும்.

ஃப்ரெடியின் ஸ்வெட்டரையும் பாருங்கள். 1984-இன் முதல் படத்தில் சிவப்பு பச்சைப் பட்டை உடம்பில் மட்டும்தான் இருக்கும். கைகள் வெறும் சிவப்பு. கைகளிலும் பட்டை வந்தது அடுத்தடுத்த படங்களில். கத்தி விரல் கையுறை வலது கையில்தான் இருக்க வேண்டும். மைக்கேல் மையர்ஸின் முகமூடியோ ஒரு விண்வெளித் தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி, வெள்ளையடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கிச் செய்தது. 1981-இன் இரண்டாம் படத்திலும் அதே முகமூடியைத்தான் மாட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் பழசாகி, வேறு ஆள் மாட்டியதால் தோற்றமே மாறிவிட்டது. மையர்ஸ் சேர்ப்பவர்கள் எந்த ஆண்டின் முகமூடி என்று மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். கொஞ்ச நாள் போனால் நீங்களும் வாதாடுவீர்கள்.

ஆகவே கடைக்குப் போகும் முன், பிடித்த படத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நின்று நிதானித்து உடை, கைகள், காலணி, கையில் இருக்கும் பொருள் எல்லாவற்றையும் கவனியுங்கள். பிடித்த காட்சிகளை ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஃபிகரோடு ஒப்பிட உதவும்.

முகம் ஏன் சில நேரம் ஒத்துப்போவதில்லை

உரிமம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பல குழப்பங்களுக்கு அதுதான் காரணம். ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் 1818-இல் வந்தது, டிராகுலா நாவல் 1897-இல். இரண்டு கதைகளும் இன்று பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் ஒரு டிராகுலாவைச் செய்யலாம். ஆனால் தட்டைத் தலையும் கழுத்தில் உலோகமுனையும் உள்ள அந்த அரக்கன் யூனிவர்சலின் வடிவம். இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1957-இல் தன் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தை எடுத்தபோதுகூட, இந்தச் சாயல் வராதபடி அரக்கனுக்குப் புது ஒப்பனை போட வேண்டியிருந்தது. பொம்மைக் கம்பெனிகளுக்கும் அதே கதைதான். உரிமம் வாங்காதவர்கள் பெயரை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றிவிடுவார்கள்.

இதோடு நடிகரின் முகச்சாயல் தனி விவகாரம். டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் மகனும் மனைவியும் யூனிவர்சல் மேல் போட்ட வழக்கு 1979-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த உரிமை வாரிசுகளுக்கு வராது என்று அன்று தீர்ப்பானது. பிற்பாடு அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்து, இறந்தவர்களின் சாயலுக்கு வாரிசுகள் உரிமை கோரலாம் என்றாக்கியது. அதனால் இப்போது ஒரு ஃபிகருக்குப் படத்தின் உரிமமும் வேண்டும், நடிகரின் முகத்துக்கு அனுமதியும் வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த விவரம் இருக்கும். வாங்கும் முன் அதைப் படிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அளவு

ஃபிகர்களின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள், அல்லது ஸ்கேலில், அதாவது நிஜ உருவத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். 12 அங்குலம் என்றால் ஆறில் ஒரு பங்கு ஸ்கேல். 6 அங்குலம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. 3¾ அங்குலம் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. 7 அங்குலம் பத்தில் ஒரு பங்குக்கு அருகே. சாதாரண உயரமுள்ள ஆளை வைத்துச் சொல்லும் கணக்கு இது. ஆகவே 7 அங்குல வரிசை ஒன்றில் சக்கி மட்டும் ஏறக்குறைய பாதி உயரத்தில்தான் வரும். படத்திலேயே அது பொம்மைதானே. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஒரே அளவில் சேர்ப்பதுதான் அழகு. 7 அங்குல ஜேசனுக்குப் பக்கத்தில் 6 அங்குல உல்ஃப் மேனை நிறுத்தினால் பின்னவர் சிறுவன்போலத் தெரிவார். இடம் குறைவு, பணமும் குறைவு என்றால் 3¾ அங்குலம் நல்லது. ஒரு சின்னத் தட்டிலேயே முழுக் கூட்டத்தையும் நிறுத்திவிடலாம். மூட்டுகள் குறைவு, முகத்தில் நுணுக்கம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 12 அங்குலத்தில் நிஜத் துணி உடை, நுணுக்கமான முகம் எல்லாம் கிடைக்கும். ஆனால் நாலைந்து வாங்கினாலே அலமாரியும் பணப்பையும் காலி. திகில் பட ஃபிகருக்கு 7 அங்குலமே சரியான இடம் என்பது என் எண்ணம். முகம் அடையாளம் தெரியும் அளவுக்குப் பெரிது, கூட்டமாக நிறுத்தும் அளவுக்குச் சிறிது. பாத்திரங்களும் இந்த அளவில்தான் நிறையக் கிடைக்கின்றன.

யார் எதைச் செய்கிறார்கள்

நெக்கா என்ற அமெரிக்க நிறுவனம் 7 அங்குலத்தில் பெரிய கை. அவர்களுடைய 'அல்டிமேட்' வரிசைப் பெட்டியின் முன்பக்கம் புத்தக அட்டைபோலத் திறக்கும், உள்ளே ஜன்னல் இருக்கும். மாற்றிப் போடத் தலைகள், கைகள், ஆயுதங்கள் என்று ஒரு பெட்டியிலேயே பல காட்சிக்கு வேண்டியது இருக்கும். யூனிவர்சல் உருவங்கள் சிலவற்றை வண்ணத்திலும் கறுப்பு வெள்ளையிலும் தனித்தனியாக விட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பதிப்பைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பச்சைத் தோல் அரக்கன் போஸ்டரிலும் பொம்மையிலும் வளர்ந்த வழக்கம். படத்தில் நாம் பார்த்தது சாம்பல் நிறத்தைத்தானே.

ஜாடா நிறுவனம் 6 அங்குலத்தில் யூனிவர்சல் வரிசை போடுகிறது. மூட்டுகள் நன்றாக அசையும், விலையும் கையைக் கடிக்காத ரகம். முதல் ஃபிகருக்கு இது தாராளமாகப் போதும். சூப்பர்7-இன் 'ரியாக்‌ஷன்' வரிசை 3¾ அங்குலம். 1970-களின் பொம்மை பாணியில் ஐந்தே மூட்டுகளோடு, அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் வரும். அதன் அட்டை ஓவியத்துக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மெஸ்கோவின் 'ஒன்:12' வரிசை 6 அங்குலத்திலேயே நிஜத் துணியோடு வரும், விலை சட்டென்று ஏறும். ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்டுடியோஸ் முகமூடி செய்து பெயரெடுத்தவர்கள். அவர்களின் 12 அங்குல ஃபிகர்களில் முகமூடி வேலை நன்றாக இருப்பதில் வியப்பில்லை.

1998-இல் மெக்ஃபார்லேன் டாய்ஸ் விட்ட 'மூவி மேனியாக்ஸ்' வரிசையையும் இரண்டாம் கைச் சந்தையில் அடிக்கடி பார்ப்பீர்கள். ஃப்ரெடி, ஜேசன், லெதர்ஃபேஸ் மூவரும் அதன் முதல் தொகுதியிலேயே வந்தார்கள். பெரியவர்களை மனதில் வைத்துத் திகில் ஃபிகர் செய்யலாம் என்று சந்தைக்குக் காட்டியதில் அந்த வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவை சிலைக்குத்தான் நெருக்கம், அதிகம் அசையாது.

முதல் வாங்குதல்

ஒரு ஃபிகரோடு தொடங்குங்கள். இப்போது கடைகளில் கிடைப்பதாக இருக்கட்டும். உற்பத்தி நின்றுபோன, எல்லோரும் துரத்துகிற ஃபிகரை முதலிலேயே குறிவைத்தால், அதன் நியாயமான விலை என்ன என்றே தெரியாமல் பணத்தைக் கொட்ட நேரிடும்.

புதிதாக அறிவிக்கும் ஃபிகர்களுக்குப் பெரும்பாலும் ப்ரீ-ஆர்டர் முறைதான். இன்று பதிவு செய்தால் பல மாதம் கழித்து வரும், தள்ளிப்போவதும் சகஜம். பணம் எப்போது எடுப்பார்கள், ரத்து செய்யலாமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு கடையில் மட்டும் கிடைக்கும் பதிப்புகள், சான் டியேகோ காமிக்-கான் போன்ற விழாக்களுக்கென்று விடும் பதிப்புகள் என்று தனி ரகம் உண்டு. அவற்றை எக்ஸ்க்ளூசிவ் என்பார்கள். பல நேரம் பெயிண்ட் மட்டும் வேறாக இருக்கும். அதற்காக அடித்துப் பிடித்து ஓடுவதற்கு முன், சாதாரணப் பதிப்பு உங்களுக்குப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

இன்னொரு விஷயம், மறுவெளியீடு. நன்றாக விற்ற ஃபிகரைச் சில ஆண்டு கழித்து அதே நிறுவனம் திரும்ப அடிப்பது வழக்கம். அந்த நாளில் இரண்டாம் கைச் சந்தையில் ஏறியிருந்த விலை சரியும். ஆகவே மேலும் ஒரு மடங்கு கொடுத்தாவது இன்றே வாங்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தால், கொஞ்சம் பொறுங்கள். இன்றைய ஜேசன் போனால் இன்னொரு ஜேசன் கட்டாயம் வருவான்.

இரண்டாம் கையில் வாங்கும்போது விற்பவர் சொல்லும் சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 'சீல்டு' என்றால் பெட்டியே திறக்கவில்லை. 'லூஸ்' என்றால் பெட்டியில்லாமல் ஃபிகர் மட்டும். 'கம்ப்ளீட்' என்றால் உடன் வந்த எல்லாத் துணைப்பொருளும் இருக்கிறது என்று பொருள். இந்தக் கடைசிச் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஃபிகரோடு என்னென்ன வந்தது என்று பெட்டியின் பின்பக்கப் படத்தைத் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாற்றுக் கைகள்தான் முதலில் தொலையும். அடுத்தது கத்தி. மூட்டுகளின் அருகில் எடுத்த படம், பாதத்தின் அடிப்பக்கப் படம், முகத்தை நேராக எடுத்த படம் மூன்றும் கேட்டு வாங்குங்கள். தயங்குகிற விற்பனையாளரை விட்டுவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அனுப்பும் கட்டணத்தையும் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை குறைவு என்று சொல்ல வேண்டும். பெட்டி முக்கியம் என்றால், ஃபிகர் பெட்டியை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் காற்றுக்குமிழ் உறையில் வந்தால் மூலை நசுங்காமல் வருவது அதிர்ஷ்டம்.

போலியைக் கண்டுபிடிப்பது

திகில் ஃபிகரில் போலிகள் அதிகம். பூட்லெக் என்பார்கள். நல்ல ஃபிகரிலிருந்து அச்செடுத்து வார்ப்பதால், போலி பெரும்பாலும் மூலத்தைவிட ஒரு பொடி சிறிதாக இருக்கும், நுணுக்கம் மழுங்கியிருக்கும். படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும்போது கண்களைக் கவனியுங்கள். நல்ல தயாரிப்பில் இரண்டு கருவிழியும் ஒரே இடத்தைப் பார்க்கும். போலியில் ஒன்று எங்கேயோ பார்க்கும். அடுத்து பெட்டியின் அச்சு. எழுத்து மங்கல், நிறம் வெளிறல், நிறுவனப் பெயரில் எழுத்துப்பிழை, பதிப்புரிமை வரியே காணோம் என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபிகரின் பாதத்திலோ முதுகிலோ பொறித்திருக்கும் நிறுவனக் குறியும் ஆண்டும் போலியில் இல்லாமலிருக்கும், அல்லது தேய்ந்து படிக்க முடியாமலிருக்கும்.

கையில் வந்த பிறகு மூக்கே சொல்லிவிடும். திறந்ததும் தலைவலி வரும் அளவுக்கு ரசாயன நாற்றம் அடித்தால் அதைக் குழந்தைகளின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக விலை. மற்ற எல்லாரும் ஒரு விலை சொல்லும்போது ஒருவர் மட்டும் அதில் கால்வாசிக்குத் தருகிறார், 'பெட்டி இல்லை, ஃபேக்டரி சரக்கு' என்கிறார் என்றால், அதுவே பதில்.

பெட்டியைத் திறப்பதா வேண்டாமா

திறங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இப்போது வெளியாகும் ஃபிகர்களைப் பெட்டியோடு வைத்திருந்து பின்னால் லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், தங்களைப்போலவே நினைப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய பொம்மைகளுக்கு விலை ஏறியது, அவற்றைக் குழந்தைகள் உடைத்து விளையாடிக் குப்பையில் போட்டதால்தான். இப்போது எல்லாரும் பத்திரமாக வைக்கிறார்கள். பெட்டியின் அழகுக்காகத் திறக்காமல் வைத்தால் அது வேறு, அது ரசனை.

திறக்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். புது ஃபிகரின் மூட்டு பெயிண்ட்டால் ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கலாம். பலம் கொடுத்துத் திருகினால் முள் முறிந்து கை தனியாக வந்துவிடும். அந்த மூட்டைச் சூடான நீரில் ஒரு நிமிடம்போல வையுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். ஹேர் டிரையரையும் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் இளகியதும் மெதுவாக இப்படியும் அப்படியும் அசையுங்கள், பெயிண்ட் விட்டுக்கொடுக்கும். துணி உடை போட்ட ஃபிகருக்கு நீர் வேண்டாம், டிரையர் மட்டும். தலையை மாற்றும்போதும் இதே வழிதான். கழுத்துக் குழியைச் சூடாக்கிய பிறகு இழுத்தால் முனை பிழைக்கும். ஜேசனின் கையில் வெட்டுக்கத்தியைத் திணிக்கும்போது விரல் கிழிவது அடிக்கடி நடப்பது. விரலையும் அப்படியே சூடாக்கித் திறந்து, கத்தியை வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்தால் பிடி அப்படியே நிற்கும்.

மூட்டு தளர்வாக இருந்தால் எதிர் வைத்தியம். குழிக்குள் நிறமற்ற அக்ரிலிக் பூச்சு ஒரு துளி விட்டு, காயும்வரை அவ்வப்போது அசைத்துக்கொண்டே இருங்கள். உள்ளே மெல்லிய படலம் உண்டாகி இறுக்கம் வரும். சூப்பர் க்ளூவை இதற்குப் பயன்படுத்துபவர்கள் உண்டு. ஒரு வினாடி கவனம் தவறினால் ஃபிகர் சிலையாகிவிடும் என்பதால் புதியவர்களுக்கு வேண்டாம்.

அலமாரியில் வைப்பது

எதிரி வரிசையில் முதலில் வருவது வெயில். நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பெட்டியின் சிவப்பு வெளிறும். மையர்ஸின் வெள்ளை முகமூடியும் மம்மியின் கட்டுத்துணியும் இதில் முதலில் பலியாகும்.

அடுத்தது பிசுபிசுப்பு. பெரும்பாலான ஃபிகர்களில் மென்மையான பகுதி பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் போகப் போக மேலே கசியும். தொட்டால் கையில் ஒட்டும், தூசி பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். நெயில் பாலிஷ் அகற்றும் திரவத்தைக் கிட்டே கொண்டுவராதீர்கள், பெயிண்ட் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கே கரையும். ஃபிகரைக் காற்றே புகாத பையில் பல ஆண்டு அடைத்துவைத்தால் இந்தக் கசிவு உள்ளேயே தேங்கிவிடும். கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும்.

துணி உடைக்குத் தனிப் பிரச்சினை. கறுப்பு அங்கியின் சாயம் வெளிர் பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம். போலித் தோலில் செய்த உடைகள் இன்னும் மோசம். பின்ஹெட்டின் கறுப்பு உடை, கொலைகாரர்களின் ஜாக்கெட் போன்றவை ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும். இதைத் திருப்ப வழியில்லை, தள்ளிப்போடலாம். முழங்கையை மடக்கி நிறுத்தாமல் நேராக விடுங்கள். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்து அவ்வப்போது மாற்றுங்கள். போலித்தோல் உடை உள்ள ஃபிகரை வாங்கும்போது, பிளாஸ்டிக்கிலேயே உடை வார்த்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுப்பேன் நான். படத்தில் உள்ளதுபோல் துணி அசையாது, ஆனால் பத்தாண்டு கழித்தும் அது உடையாகவே இருக்கும்.

பேசும் ஃபிகர் வைத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி கசிந்து உள்ளே தகடு அரித்துவிட்டால் சக்கி ஊமைதான்.

காலக்கிரமத்தில் கணுக்கால் பிளாஸ்டிக் தளர்ந்து ஃபிகர் முன்னால் சாயும். ஒன்று விழுந்தால் வரிசையாகப் பத்தும் விழும். பாதத்தின் ஓட்டையில் பொருந்தும் தாங்கி, அல்லது இடுப்பைப் பிடிக்கும் தாங்கி மலிவாகக் கிடைக்கிறது. ஒரு காலில் எடை விழும்படி நிறுத்தாமல் இருந்தாலே பாதிச் சாய்வு வராது. சாய்ந்த காலைச் சூடாக்கி நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கினால் பழைய வடிவத்துக்கு வரும்.

விளக்கு விஷயத்தில் ஒரு குறிப்பு. மேலிருந்து விழும் ஒளியில் யூனிவர்சல் உருவங்களின் கண்கள் நெற்றி நிழலுக்குள் போய்விடும். அரக்கனுக்கு அதுவே பொருத்தம். டிராகுலாவுக்குக் கண்தான் எல்லாம் என்பதால், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைக் கீழே முன்பக்கமாக வையுங்கள். லுகோசியின் கண்களில் மட்டும் ஒளிக்கீற்று விழவைத்து 1931-இல் படமெடுத்தார்கள். அதே வித்தை அலமாரியிலும் பலிக்கும்.

பழைய பொம்மைகள் பக்கம் போவதானால்

இது தொடங்குபவர்களுக்கான இடம் அல்ல, ஆனால் ஆசை வராமல் இருக்காது என்பதால் சொல்கிறேன். ஆரோரா நிறுவனம் 1961-இல் ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடலாக விட்டது. அதன் பின்னால் மற்ற உருவங்களும் வந்தன. மெகோ நிறுவனம் 1974-வாக்கில் 'மேட் மான்ஸ்டர்ஸ்' என்று 8 அங்குலத்தில் நான்கு பேரை விட்டது. யூனிவர்சல் உரிமம் இல்லை, அதனால் முகங்கள் அவர்களின் சொந்தக் கற்பனை. கண்ணும் கையும் இருட்டில் ஒளிரும். 1979-80-இல் ரெம்கோ முறையாக யூனிவர்சல் உரிமம் வாங்கி 8 அங்குலத்திலும் 3¾ அங்குலத்திலும் செய்தது. 1979-இல் கென்னர் விட்ட 18 அங்குல ஏலியன் பொம்மை இன்றைக்கும் பலருடைய கனவு. தலைமேல் உள்ள ஒளி ஊடுருவும் மூடி விரிசலில்லாமல் கிடைப்பதுதான் கஷ்டம்.

மெகோ வகைப் பொம்மைகளின் உடம்பை உள்ளே ரப்பர் நாண்தான் பிடித்துவைத்திருக்கும். அது இத்தனை ஆண்டில் இற்றிருப்பது இயல்பு. மாற்றிக் கட்டலாம், கற்றுக்கொண்டால் கடினமில்லை. கவலை தர வேண்டியது மாற்று உடைகளும் மாற்றுத் துணைப்பொருள்களும்தான். பழைய அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை சந்தையில் ஏராளம். செய்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். கை மாறி மாறி வரும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது. அசல் என்று சொல்லி விலை கேட்டால் தையல், பொத்தான், துணியின் பின்பக்கம் ஆகியவற்றின் படத்தைக் கேளுங்கள்.

பழைய பொம்மைகளின் நிலையை 10 வரைக்கும் எண் போட்டுச் சொல்வது வழக்கம், 10 என்றால் குறையே இல்லாதது. ஏஎஃப்ஏ போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 100-க்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டிக்குள் மூடித் தருகின்றன. விலை அதிகமுள்ள பழைய சரக்குக்கு அது பொருத்தம். சென்ற ஆண்டு வந்த ஃபிரெடியைத் தரமதிப்பீடு செய்து விற்பவரிடம் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

கூட்டம் பெரிதாகும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. ஒவ்வொரு ஃபிகருக்கும் எந்தப் படம், எந்த நிறுவனம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், உடன் என்னென்ன வந்தது என்று ஒரு தாளிலோ ஃபோனிலோ எழுதிவையுங்கள். பெட்டியைத் திறந்தவுடன் எல்லாப் பொருளையும் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் எழுதும் வேலையும் மிச்சம். அப்புறம் மாற்றுத் தலை, மாற்றுக் கை, கத்தி, கோடரி எல்லாவற்றையும் ஃபிகருக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலத்தில் போட்டு, பெயர் எழுதுங்கள். கலந்துவிட்டால், பத்து இடது கைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு எது மம்மியுடையது, எது உல்ஃப் மேனுடையது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு ஃபிகரை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ தோன்றும்போது, எல்லாப் பொருளோடும் கொடுக்க முடிந்தால் கிடைக்கும் விலையே வேறு. பெட்டிகளைத் தட்டையாக மடித்து வைக்க முடிந்தால் மடித்து வையுங்கள். இடமில்லை என்றால், பின்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள்.